குமிழின் சிவப்புப் பக்கம்

என் காரில் ஏசி பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. அதில் பாதி நீலம், பாதி சிவப்பு. உத்திரமேரூரில் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் நீலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். சிவப்பு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். வெயில் காலத்தில் காரின் கதவைத் தொட்டாலே கை பொரிந்துபோகிற ஊர் இது. இங்கே வண்டிக்குள் உட்கார்ந்து அனல் காற்று வேறு வாங்க வேண்டுமா? நானும் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியதே கிடையாது, புயல் அடித்து ஓய்ந்த அந்தக் காலை வரைக்கும்.

என் பெயர் மக்பூல். பஜார் வீதியில் மளிகைக் கடை. கோழி என்றால் எனக்குப் பிரியாணி, அவ்வளவுதான். என் மனைவி மெஹர்பானு வேறு ஜாதி. கடைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டில், அலமாரி உயரத்துக்குக் குஞ்சு பொரிக்கிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறாள். சுற்றுவட்டாரப் பெண்கள் நாட்டுக்கோழி முட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துக் குஞ்சாக வாங்கிக்கொண்டு போவார்கள். விருந்தாளி வந்தால் படுக்க இடமில்லை, மெஷினுக்கு மட்டும் தனி அறையா என்று நான் புலம்பாத நாளில்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

புயல் கரையைக் கடந்த அன்று விடியும்போதே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கத்தி அடங்கியது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற தினகரனுக்குப் போன் போட்டேன். இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் செல்போன் டவருக்கும் போய்விட்டதாம். வழியெல்லாம் கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன, சாயங்காலத்துக்கு முன்னால் கரண்டைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள் என்று லைன்மேன் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெஹர்பானு முட்டைகளை ஒரு தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி நடுநடுவே செருகிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குள் இருந்த தெர்மாமீட்டரையும் பெட்டியில் வைத்திருந்தாள். அதில் அளவு ஏறுகிறது, இறங்குகிறது, ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

"ஒரு மூல வெந்து பூடும்போல, ஒரு மூல வெறச்சிப் பூடும்போல கீதுங்க. இன்னிக்குன்னு பாத்தா பொரியற நாளு!" என்றாள். 

அந்த நேரத்தில் வாசலில் சுலோச்சனா வந்து நின்றாள். சாலவாக்கம் பக்கத்தில் கழனி வைத்துப் பிழைக்கிற குடும்பம் அவளுடையது. முழங்கால் வரை சேறு. புடவையில் சொட்டச் சொட்ட ஈரம். பாதி வழி பால் வண்டியிலும் பாதி வழி நடந்தும் வந்திருக்கிறாள்.

"பானுக்கா, என் முட்ட கீதா?"

"கீது, கீது. உள்ள வா. கூண்டுல கோயிங்கல்லாம் பத்தரமா?"

சுலோச்சனா உள்ளே வரவில்லை. "போச்சிக்கா," என்றாள். "வாய்க்கா ஒடச்சிக்கினு கூண்டுக்குள்ள தண்ணி பூந்துகிச்சி. ஒண்ணுகூட இல்ல."

"பறந்து கூரமேல ஏறியிருக்குமே!"

"எப்டிக்கா ஏறும்? கீரி வருதுன்னு சாயங்காலம் நான்தான பூட்டு போட்டன்." இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்னச் சாவியை எடுத்துக் காட்டினாள். "நான் எழுந்து போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிப் போச்சி."

அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து கூடையில் தூக்கி வந்த கோழியின் வம்சம் அது. கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாமல் மொழுக்கென்று இருக்கும் ஜாதி. மொட்டக்கழுத்தி என்று அவள் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருமாம். அந்த வம்சத்தில் இனி உலகத்தில் மிச்சம் இருப்பது இந்தப் பெட்டியிலிருக்கிற ஒரு தட்டு முட்டைதான்.

 "முட்டதானே சுலோச்சனா, வேற எங்கனா வாங்கி..." என்று ஆரம்பித்தேன். மெஹர்பானு என்னை முறைத்த முறைப்பில் வாய் தானாக மூடிக்கொண்டது. ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தாள்.

உள்ளே யாரோ தட்டினார்கள். டொக், டொக். பிறகு ஒரு நூலிழைக் குரல், "கீ" என்றது. நான் கையில் பிடித்திருப்பது ஒரு முட்டை, ஓட்டில் விரிசல்கூட இல்லை, அதற்குள்ளிருந்து ஒருத்தர் பேசுகிறார். அதைவிட அதிசயம், பெட்டியிலிருந்த இன்னொரு முட்டை அதற்குப் பதில் சொன்னது. இத்தனை வருஷமாகக் கடையில் முட்டை விற்கிறேன். என் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தக் குமிழ் ஞாபகம் வந்தது. "கார்ல ஹீட்டர் கீது பானு! சிவப்புப் பக்கம் திருப்பனா அடுப்புமாதிரி ஆயிடும். ஒரே அளவுல வெச்சிக்கலாம்," என்று குதித்துக்கொண்டு ஓடினேன். போர்ட்டிகோவில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, தெருவுக்கு எடுத்து வந்து, குமிழைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்பினேன். காற்று வந்தது. மூஞ்சியில் மார்கழி மாசத்துக் காற்று. எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருந்தேன். மறுபடியும் அதே மார்கழி.

மெக்கானிக் ஆல்வினுக்குப் போன் செய்தேன். வந்தவாசி ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறான். என் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவன். மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினான்.

"இன்னா பாய், வண்டி ஸ்டார்ட் ஆவலியா?"

"அதெல்லாம் ஆவுது. ஹீட்டர் போட்டா ஜில்லுனு காத்து வருது."

ஆல்வின் சிரித்தான். சாதாரணச் சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. "உத்திரமேரூர்ல ஹீட்டர் ரிப்பேருக்கு எனக்கு வந்த மொத போன் இதான் பாய். குளுர் ஜுரமா ஒனக்கு?"

அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய், ஒரு முட்டையை அவன் காதில் வைத்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, பக்கத்தில் நின்ற சுலோச்சனாவையும் அவள் கையிலிருந்த சாவியையும் பார்த்தான். மெஹர்பானு மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அவன் மழைக்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் பானெட்டைத் திறந்தான். திறந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டான்.

"இது வேல செய்யாது பாய்."

"ஏன்?"

"நான்தான் கட் பண்ணி வுட்டுக்கீறன்."

விஷயம் இதுதான். ஹீட்டருக்குத் தனியாக நெருப்பு எதுவும் கிடையாதாம். எஞ்சினைச் சுற்றிச் சூடேறின தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்கு அடியிலிருக்கிற குட்டி ரேடியேட்டருக்குள் போய், இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்கே திரும்பி வரும். அந்தக் குட்டி ரேடியேட்டர்மேல் ஃபேன் ஊதினால் சூடான காற்று. இவன் என்ன செய்திருக்கிறான் என்றால், உள்ளே போகிற குழாயையும் வெளியே வருகிற குழாயையும் எஞ்சின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிட்டிருக்கிறான். தண்ணீர் டாஷ்போர்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"ஏன்டா அப்டி பண்ண?" என்று கத்தினேன்.

"தண்ணி ஒயுகறதுக்கு ஒரு எடம் கம்மி, அதுக்குதான். ஒன் வண்டிக்கு மட்டும்னு நெனச்சிக்காத. இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லா மெக்கானிக்கும் இப்டிதான் பண்றோம். எந்த வண்டியிலயும் ஹீட்டர் கெடையாது. இருவது வருசமா கட் பண்ணிக்கினே கீறேனே தவிர, ஒண்ணகூட ஜாயிண்ட் போட்டதில்ல."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா வேணும்னு சொல்லியிருப்பியா?"

 அவன் ஷெட்டுக்கு ஓடிப்போய்க் குழாய்த் துண்டுகளும் கிளிப்புகளும் கொண்டு வந்தான். டாஷ்போர்டுக்குப் போகிற இரண்டு குழாய் மூக்குகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டி அடைத்து வைத்திருந்தது. ஆல்வின் கம்பியால் குத்தித் தோண்டி, தோட்டத்துக் குழாயை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினான். செம்மண் கட்டியாக வெளியே வந்து விழுந்தது. எது போகிற வழி, எது வருகிற வழி என்று அவனுக்கே சந்தேகம். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எப்டி மாட்டனாலும் தண்ணி சுத்தும்," என்று மாட்டினான்.

ஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் ஜில்லென்று காற்று. நான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஹாரன்தான் அலறியது.

உள்ளேயிருந்து மெஹர்பானு கத்தினாள். "இன்னாங்க, இன்னும் எவ்ளோ நேரம்? ஒரு முட்டையில ஓட்டை வுயுந்துடுச்சி! மத்ததுல சத்தம் கொறையுது!"

சுலோச்சனா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "கொறையுதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆல்வின் ஹீட்டர் குழாய்களை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தான். "உள்ள காத்து சிக்கிக்கிச்சி பாய். தண்ணி ஓட வுடாம நிக்குது. வண்டி மூஞ்சி மேல தூக்கி நிக்கணும், அப்பதான் காத்து ரேடியேட்டர் வாய் வயியா வெளிய வரும்." மேடு என்ற ஒன்று எங்கள் தெருவில் கிடையாது. எதிரில் கிருஷ்ணசாமியின் நெல் மண்டியில் மூட்டை ஏற்றுவதற்குச் சாய்வாக சிமெண்ட் போட்டிருப்பார்கள். அதில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். வானத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது என் கார். எஞ்சினை அணைத்து, சூடு தணிந்த பிறகு ஆல்வின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னான். நான் ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தேன். குபுக், குபுக் என்று பெரிய பெரிய குமிழிகளாகக் காற்று வெளியேறியது. அவன் ஊற்ற ஊற்ற வண்டி குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் குமிழிகள் நின்றன. மூடியைப் போட்டான்.

காற்றில் கை வைத்தேன். ஜில்லிப்பு போயிருந்தது. ஆனால் சூடு என்று சொல்ல முடியாது. ஆறிப்போன டீ.

டாஷ்போர்டில் சூட்டுமுள் கீழேயே படுத்துக்கிடந்தது. ஆல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான், "எஞ்சின் சூடாவற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டர் பக்கம் வுடாம புடிச்சி வெக்கிற வால்வு ஒண்ணு கீது பாய்."

"அதையும் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டன். அது பேஜார் புடிச்சது. அடைச்சிக்கினா எஞ்சின் வெந்துடும். புதுசு வோணும்னா காஞ்சிபுரம் போவணும்."

ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது காஞ்சிபுரம் எங்கே போவது? எனக்கு வந்த கோபத்தில் அவனையே ரேடியேட்டருக்குள் திணித்திருப்பேன். இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் காலங்காலமாகச் சூட்டை விரட்டுகிறவர்கள். கூரைக்கு வெள்ளை அடிக்கிறோம், மண்பானையில் தண்ணீர் வைக்கிறோம், வண்டியிலிருந்து வால்வைப் பிடுங்குகிறோம். ஒரே ஒரு நாள் சூடு வேண்டும் என்று கை நீட்டினால், விரட்டியது எப்படித் திரும்பி வரும்?

சுலோச்சனா வாசலிலிருந்து இறங்கி வந்து காரின் முன்பக்கத்தைப் பார்த்தாள். மழைக்காற்று கிரில்லுக்குள் விர்ரென்று புகுந்துகொண்டிருந்தது. "இவ்ளோ ஊதக்காத்து இது மூஞ்சிமேல அடிக்குதே, எப்டி சூடு நிக்கும்? எங்க வூட்டுல சன்னலுக்குக் கோணி கட்றாப்ல கட்டி வுடுங்களேன்," என்றாள்.

ஆல்வின் வாயைத் திறந்தான், மூடினான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கடைக்குள் ஓடி, காலி கோணிகளை வாரிக்கொண்டு வந்தேன். ரேடியேட்டரின் முகத்தில் சர்க்கரைக் கோணியை மடித்துக் கட்டினான். முள் முதல்முறையாக அசைந்தது. எழுந்தது. "ரொம்ப மேல போனா கோணிய அவுத்துடணும், கண்ண எடுத்துடாத பாய்," என்றான்.

அப்போது வந்தது அந்தக் காற்று. முதலில் பழைய தூசி கருகுகிற வாசனை. பிறகு, அடுப்படியில் ரொட்டி சுடும்போது முகத்தில் படுமே, அந்தக் கதகதப்பு. என் கைக்கு நம்பிக்கை வரவில்லை, கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சூடு. என் வண்டிக்குள் இத்தனை வருஷமும் இது இருந்திருக்கிறது, ஒவ்வொரு நாளும் ரோட்டில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். "அல்லாவே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வண்டியை மண்டிச் சரிவிலிருந்து இறக்கி எங்கள் வாசலில் நிறுத்தினேன். போர்ட்டிகோவுக்குள் விடக்கூடாது, புகை தங்கிவிடும், வெட்டவெளியிலேயே நிற்கட்டும், கண்ணாடியும் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும் என்று ஆல்வின் கண்டிப்பாகச் சொன்னான். மெஹர்பானு பெட்டியிலிருந்து முட்டைத் தட்டையும் தெர்மாமீட்டரையும் எடுத்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குகிறாற்போலத் தூக்கி வந்து முன்சீட்டில் என் பக்கத்தில் வைத்தாள். ஈரம் குறையக்கூடாதென்று பக்கத்தில் நனைத்த துணியைத் தொங்கவிட்டாள். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து அவள் ராஜ்ஜியம் ஆரம்பித்தது. "கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளுங்க. போதும். சிவப்புக்கு ஒரு முடி. ஒரு முடின்னா ஒரு முடி, இவ்ளோவா?" தெர்மாமீட்டர் வழக்கமாக மெஷினில் எந்தக் கோட்டில் நிற்குமோ அந்தக் கோட்டுக்கு வந்து நின்றது. நின்றேவிட்டது.

சுலோச்சனா பின்சீட்டின் இன்னொரு பக்கம் கதவோரம் உட்கார்ந்தாள். ஆல்வின் வெளியே நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான்.  எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு அதற்கும் அடியில், தட்டிலிருந்து ஒரு "கீ". இன்னொரு "கீ". சுலோச்சனாவின் உதடு அசைந்தது.

ஓட்டை விழுந்திருந்த முட்டை அசைந்தது. ஓட்டைக்குள் ஒரு குட்டி அலகு தெரிந்தது, அதன் நுனியில் உளிபோல ஒரு வெள்ளைப் புள்ளி. அது ஒரு குத்துக் குத்திவிட்டு ஓய்ந்துவிடும். செத்துவிட்டதோ என்று நான் மூச்சைப் பிடிப்பேன். மறுபடி ஒரு குத்து, முன்னே குத்திய இடத்துக்குப் பக்கத்தில். கண்ணும் சரியாகத் திறக்காத ஒரு ஜீவன், கும்மிருட்டுக்குள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, வட்டம் பிசகாமல் ஓட்டை வெட்டிக்கொண்டு வருகிறது. யார் சொல்லிக் கொடுத்தது இதற்கு? நான் ஐந்து வேளையும் தொழுகிறவன்தான். ஆனால் அப்படி ஒரு பயமும் சந்தோஷமும் எனக்குத் தொழுகையில்கூட எப்போதாவதுதான் வந்திருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாவம், கஷ்டப்படுது. கொஞ்சம் ஓட்ட உரிச்சி வுடலாமே," என்று விரலை நீட்டினேன். மெஹர்பானு கையில் பட்டென்று அடித்தாள்.

"கை வெக்காதீங்க! நாம உரிச்சா ரத்தம் வந்து செத்துடும். அதுவா தொறந்துக்கினுதான் வரணும்."

சுலோச்சனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நீட்டப்போன தன் கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

முதல் குஞ்சு ஓட்டை உதைத்துத் தள்ளிவிட்டு விழுந்தது. நனைந்த பஞ்சுத் துண்டு. தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இன்னொரு முட்டைமேல் சாய்ந்து படுத்தது. அந்த முட்டைக்குள்ளிருந்தும் தட்டுகிற சத்தம். "மாஷா அல்லா," என்றாள் மெஹர்பானு. வெளியே ஆல்வின் சிலுவை போட்டுக்கொண்டான். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அதன்பிறகு நான் எண்ணவில்லை. சில முட்டைகள் கடைசிவரை பேசவே இல்லை. காலையில் விறைத்தவையாக இருக்கலாம். மெஹர்பானு அவற்றைச் சத்தமில்லாமல் ஓரமாக ஒதுக்கினாள்.

ஒவ்வொரு குஞ்சு வரும்போதும் சுலோச்சனா அதன் கழுத்தைப் பார்த்தாள். ஊர்ச் சேவலோடு சேர்ந்ததில் எல்லாக் குஞ்சுக்கும் மொட்டைக் கழுத்து வராதாம்; இதுவரை வந்த எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஈரமுடி இருந்தது. அவள் அடுத்ததைப் பார்த்தாள். ஓடு உடையாமல் அசைந்துகொண்டிருப்பது இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் தெருவில் "ஹோ" என்று ஒரு சத்தம். கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக்குள் மெஷின் உறுமத் தொடங்கியது எங்களுக்குக் கேட்டது. கார்க்கதவைத் திறந்து இறங்க வேண்டும், தட்டை உள்ளே கொண்டுபோக வேண்டும். மெஹர்பானு அசையவில்லை. நானும்தான்.

அந்தக் கடைசி முட்டை நடுவில் வெடித்து, மூடி திறக்கிறாற்போலத் திறந்தது. தலை வெளியே வந்தது. அதற்குக் கீழே சின்ன விரல் நீளத்துக்குச் சிவந்த தோல். ஒரு முடி இல்லாத மொழுக்குக் கழுத்து. அந்தக் கழுத்தைக் கஷ்டப்பட்டு நிமிர்த்தி, நேராக சுலோச்சனாவைப் பார்த்து, மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கத்தியது.

சுலோச்சனாவின் கை தளர்ந்தது. சாவி காரின் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சீட்டுகளுக்கு நடுவே குனிந்து, மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப்போய், "மொட்டக்கழுத்தி," என்றாள். "நான் தொறந்து வுடல. நீயே தொறந்துக்கினு வந்துட்டியாடி?"

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். மெஹர்பானு அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் கார்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கப் போனவன், கையை எடுத்துவிட்டேன். சூடு இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கட்டும்.